“தொட்டால் தெரிகிறது” என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்

(பதில் எழுதுபவர், தண்டுவடக் காயப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்.)

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு 42 வயது. நூல் மில்லில் ஃபிட்டர். நான்கு மாதத்துக்கு முன் இரவு ஷிப்ட் முடித்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டது. கழுத்தில் சி5–சி6 இடத்தில் தண்டுவடக் காயம். பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் “இன்கம்ப்ளீட், ஏஷியா சி” என்று இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியதும் மாமியார், “ஆபரேஷனைப் பாதியிலயே விட்டுட்டாங்களா?” என்று அழுதிருக்கிறார்.

வலது கையும் வலது காலும் மிகப் பலவீனம். இடது கையால் டம்ளரைப் பிடிக்கிறார், இடது காலை மெத்தையில் மடக்கி நீட்டுகிறார். உடம்பில் எங்கே தொட்டாலும் தெரிகிறது என்கிறார். சிறுநீருக்கு நான்கு மாதமாக டியூப். அதை எடுத்துவிட்டு நாலு வேளை கத்தீட்டர் போடும் முறைக்கு (ஒவ்வொரு வேளையும் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சிறுநீர் வடிந்ததும் வெளியே எடுத்துவிடுவது) மாறச் சொன்னார்களாம். கணவருக்குக் கூச்சம், மாமியாருக்கு அருவருப்பு, இவருக்குப் பயம். இழுப்பு வந்த இடது ஆடுசதைக்கு வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்ததில் கொப்புளம். போன வாரம் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை, பிரஷர் 160/100. பக்கத்து கிளினிக்கில் “டென்ஷன்” என்று மாத்திரை தந்து படுக்கவைத்திருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசிக்கு ஒரு இடத்தில் மூன்று லட்சம் கேட்கிறார்கள், நகையை விற்கலாமா என்பது கேள்வி. ராத்திரி புரட்டிப் போடுவதில் தன் முதுகே போய்விட்டது என்றும், கணவர் இரண்டு முறை “என்னைக் கொன்னுடு” என்று சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆறாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி: “அன்னைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தா யூரின் டியூப் தொடைக்கு அடியில மடங்கிக் கிடந்துச்சு. எடுத்து விட்டதும் பை நிறைஞ்சிருச்சு. கொஞ்ச நேரத்துல அவருக்கும் சரியாயிருச்சு.”

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடிதத்தில் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய விஷயம் அது.

அந்தத் தலைவலி டென்ஷன் அல்ல

நெஞ்சுப் பகுதியின் ஆறாவது தண்டுவடக் கண்ணியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும் ஓர் ஆபத்து இது. பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. இன்கம்ப்ளீட் காயத்தில் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். குறைவாக வரும், ஆனால் வரும். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடம்பைத் தொந்தரவு செய்கிறது. பெரும்பாலும் நிரம்பி வழியும் சிறுநீர்ப்பை, அடுத்தபடியாக இறுகிய மலம், பிறகு புண், இறுக்கமான உடை, சதைக்குள் வளரும் நகம். கீழிருந்து கிளம்பும் செய்தியில் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் ஏறுகிறது. அதை அடக்க மூளை அனுப்பும் உத்தரவு காயத்தைத் தாண்டிக் கீழே போகாது. அதனால் மேலே முகம் சிவந்து வியர்க்கும், தலை பிளக்கும், கீழே மயிர் சிலிர்த்துத் தோல் வெளுத்திருக்கும்.

உங்கள் வீட்டுக்காரருக்குச் சாதாரணமாக 100/60 இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கழுத்துக் காயத்தில் அது வழக்கம்தான். அப்படிப்பட்டவருக்கு 160 என்பது மிக அதிகம். மேல் அளவு வழக்கத்தைவிட 20, 40 ஏறினாலே இதைச் சந்தேகிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு, வலிப்பு வரை போகும்.

அடுத்த முறை வந்தால் முதல் வேலை, உட்கார வையுங்கள். கால்களைத் தொங்கப் போடுங்கள். தலைவலி என்றதும் யாரும் படுக்கத்தான் வைப்பார்கள், இங்கே அது பிரஷரை இன்னும் ஏற்றும். பெல்ட், லுங்கி முடிச்சு, சாக்ஸ் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். டியூபைப் பையிலிருந்து மேல்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போய், மடிந்திருக்கிறதா, மேலே ஏறியிருந்து ஒழுகாமல் நிற்கிறதா என்று பாருங்கள். டியூப் சரியாக இருந்தும் சிறுநீர் வராவிட்டால் அடைப்பு, உடனே மாற்ற வேண்டும். சிறுநீரில் குறை இல்லையென்றால் மலம் கட்டியிருக்கிறதா என்று யோசியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். காரணம் கிடைக்கவில்லை, பிரஷர் இறங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுபோங்கள்.

இன்றே ஒரு காகிதத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுங்கள்: கழுத்துத் தண்டுவடக் காயம், வழக்கமான பிரஷர் 100/60, ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா வரக்கூடியவர். பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் சட்டைப்பையில் ஒன்று, உங்கள் பர்ஸில் ஒன்று வையுங்கள். கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாளில் இப்படி ஒரு கேஸைக்கூடப் பார்க்காத டாக்டர்கள் நிறைய. நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டிய மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

“இன்கம்ப்ளீட்” என்றால்

அத்தையிடம் சொல்லுங்கள், ஆபரேஷனை யாரும் பாதியில் விடவில்லை. தண்டுவடம் முழுவதுமாக அறுபடவில்லை, சில இழைகள் இன்னும் செய்தி கடத்துகின்றன என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, சுருக்க முடிகிறதா என்று பரிசோதித்துத்தான் அதை முடிவு செய்வார்கள். “ஏஷியா” என்பது தண்டுவடக் காயம் எவ்வளவு கடுமை என்று தரம் பிரிக்கும் அளவுகோல். அதில் “சி” என்பது காயத்துக்குக் கீழே அசைவு இருக்கிறது, ஆனால் முக்கியத் தசைகளில் பாதிக்கு மேல் தன் எடையைத் தூக்கும் பலம் இல்லை என்ற நிலை. பாதித் தசைகளாவது தூக்கும் அளவுக்கு வந்தால் அது “டி”.

நடப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் பார்த்து அதைச் சொல்பவரை நம்பாதீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. “சி”யில் வந்து வாக்கர் பிடித்து வீட்டுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், சக்கர நாற்காலியிலேயே வேலைக்குத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். மீட்சியில் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் தெரியும், அதிலும் முதல் ஆறு மாதம் வேகமானது. இப்போது நான்காவது மாதம். பழைய சம்மரியை வைத்துக்கொண்டு யோசிக்காமல், மறுவாழ்வு மருத்துவரிடம் போய் ஏஷியா பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஓடும் தவறான எண்ணம் வேறு. உணர்வு இருக்கிறது, அதனால் உடம்பு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் எல்லோரும் நம்புகிறீர்கள். “தெரியுதுங்கறாரே, எதுக்கு ராத்திரி எழுப்பிப் புரட்டறே?” என்று அத்தை கேட்பது அதனால்தான். கொப்புளம் வந்ததும் அதனால்தான்.

நல்ல காலில் ஏன் கொப்புளம்?

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு லாரி கிளீனர், இதே மாதிரி பாதிக் காயம். காலில் கை வைத்து “தெரியுதாண்ணே?” என்றேன். “நல்லாத் தெரியுது சிஸ்டர்” என்றார். குளிருக்கு வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் போனேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் தோல் பையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தொடு உணர்வும் சூடு, வலி உணர்வும் தண்டுவடத்தில் வேறு வேறு பாதையில் போகின்றன. ஒன்று தப்பி மற்றது போயிருக்கலாம். இன்னும் ஒன்று: சூடு, வலி கொண்டுபோகும் இழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் மறுபக்கம் தாண்டிவிடும், அசைவை இயக்கும் இழைகள் அங்கே தாண்டுவதில்லை. அதனால் காயம் ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், அந்தப் பக்கம் பலம் போகும், எதிர்ப்பக்கம் சூடு தெரியாமல் போகும். இதைப் பிரவுன்-சிக்கார்டு வகை என்பார்கள். வலது பக்கம் பலவீனம், இடது காலில் சுட்டது தெரியவில்லை என்ற உங்கள் விவரம் அதோடு அப்படியே பொருந்துகிறது. நீங்கள் “நல்ல கால்” என்று நினைப்பதுதான் சுட்டால் சொல்லத் தெரியாத கால்.

வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று, வெளியே இருந்த டம்ளர் ஒன்று. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றி வைத்து எது சில்லென்று இருக்கிறது என்று கேளுங்கள். சூடான டம்ளரால் வேண்டாம். பதில் தப்பும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒத்தடம், சூடான எண்ணெய், மடியில் வைத்த காபி டம்ளர், வெயிலில் நின்ற வண்டி சீட் எதுவும் கூடாது. குளிக்கும் தண்ணீரை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர் காலை நம்பாதீர்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கட்டுப் போடுங்கள். ஆடுசதையில் இழுப்பு வந்தால் உருவிவிடும் முன் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உருவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அது நுரையீரலுக்குப் போகும். அன்றே ஆஸ்பத்திரி. இழுப்பு திடீரென்று அதிகமானாலும் கீழே எங்கோ தொற்றோ புண்ணோ இருக்கிறதா என்று தேடுங்கள். இழுப்பைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை இருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

ராத்திரி புரட்டுவது

வாட்டர் பெட் வாங்கிவிட்டதால் புரட்ட வேண்டாம் என்பது கடைக்காரர் சொல். எந்த மெத்தையும் புரட்டுவதற்கு ஈடாகாது. உணர்வு இருந்தால்கூட, நாம் தூக்கத்தில் தானாகத் திரும்புவது போல் அவரால் திரும்ப முடியாது.

இப்போதைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வால் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், முழங்கை பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் அது புண்ணின் முதல் கட்டம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் சூடாகவோ கல் மாதிரி கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். அந்த இடத்தின் மேல் சுமை விழவே கூடாது. தேய்த்து மசாஜ் செய்வதும் காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் புண்ணைப் பெரிதாக்கும். ஒரு வாரம் தோல் சுத்தமாக இருந்தால் இரவு இடைவெளியை இரண்டரை, மூன்று மணி என்று மெல்ல நீட்டலாம். காலையில் சிவப்பு தெரிந்தால் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுங்கள்.

உங்கள் முதுகு போனதற்குக் காரணம் அவரைக் கையால் தூக்குவது. பழைய நூல் சேலை ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருமாறு அடியில் விரியுங்கள். சேலையின் ஒரு ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து இழுத்தால் ஆள் உருண்டு வருவார். முழுக்கக் குப்புறமோ ஒருக்களித்தோ வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முப்பது டிகிரி சாய்ந்தால் போதும். ஆடுசதைக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்கட்டும். சேலையில் சுருக்கம், பார்டர் ஜரிகை, மிக்சர் துணுக்கு எதுவும் அடியில் கிடக்கக் கூடாது.

ஒரு புண் வந்தால் பிசியோ மாதக்கணக்கில் நிற்கும். மீட்சி வேகமாக நடக்கும் மாதங்களில் அவர் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டிவரும். “ஏன் புரட்டறே” என்று அத்தை கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

டியூபா, நாலு வேளை கத்தீட்டரா?

என் கருத்து நாலு வேளை கத்தீட்டர்தான். நிரந்தரமாக டியூப் இருந்தால் தொற்று, கல், சிறுநீர்த் துவாரத்தில் புண் எல்லாம் கூடும். ஆனால் நீங்களாக எடுத்துவிடாதீர்கள். கழுத்துக் காயம், தலைவலி வேறு வந்திருக்கிறது. சில நாள் அட்மிட் ஆகி, சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பார்த்து, கற்றுக்கொண்டு வாருங்கள்.

தொற்று வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 1972-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லேபிடீஸ் என்ற சிறுநீரக அறுவை நிபுணர் இந்த முறையை முன்வைத்தபோது டாக்டர்களே அதைத்தான் கேட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும், முக்கியம் சிறுநீர்ப்பை நிரம்பி விரியாமல் நேரத்துக்குக் காலி செய்வது என்றார் அவர். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 400 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் இன்னொரு வேளை கூட்டுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் கல் சேரும். ஒன்றரை இரண்டு லிட்டரைப் பகலில் பரவலாகக் கொடுத்து, ராத்திரி ஏழு மணிக்கு மேல் சுருக்கிக்கொள்ளலாம். சிறுநீர் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, டெஸ்டில் கிருமி வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல், குளிர், இழுப்பு கூடுவது, ரத்தம் இவை இருந்தால் மருந்து.

கூச்சம் பற்றி: இடது கையால் டம்ளர் பிடிப்பவர் பயிற்சி எடுத்தால் இதைத் தானே செய்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. “அதுவரைக்கும் நான், அப்புறம் நீங்க” என்று சொல்லிப் பாருங்கள். மகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அத்தை செய்ய வேண்டாம், அந்த நேரத்தில் அறைக்கு வெளியே இருந்தால் போதும்.

மலத்துக்கும் இதே மாதிரி ஒரு நேரம் வேண்டும். தினமும் காலை உணவும் சூடான காபியும் முடிந்த அரை மணியில், வந்தாலும் வராவிட்டாலும். நாலு நாள் விட்டு எனிமா கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். ஆசனவாயில் விரலால் தூண்டி மலத்தை வரவைக்கும் முறையை அட்மிட் ஆகும்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

நகையை விற்க வேண்டாம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. முறையாகப் பதிவு செய்த ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. மூன்று லட்சம் கேட்கிறார்கள் என்பதே பதில்.

பணம் வரக்கூடிய இடங்களைப் பாருங்கள். நான் வக்கீல் அல்ல, ஆனால் வார்டில் கேட்டுக் கேட்டுத் தெரிந்தவை இவை. மில்லில் இஎஸ்ஐ பிடித்தம் உண்டா? வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தை, நேரமும் வழியும் பொருந்தினால், பணிக்காயமாகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. ஊனப் பலன் மாதாமாதம் வரும். ஷிப்ட் முடிந்த நேரத்துக்கு மில்லில் சான்று கேளுங்கள். அடுத்து ஸ்கூட்டர் பாலிசி: வேறு வண்டி மோதாததால் விபத்துத் தீர்ப்பாயத்தில் யார் மேலும் வழக்குப் போட முடியாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது சரிதான். ஆனால் வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்ஸ் இருந்து, ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு கட்டியிருந்தால் அதில் 15 லட்சம் வரை உண்டு. நிரந்தர ஊனச் சான்று கேட்பார்கள். பாலிசியைத் தேடி எடுத்து உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கும் (யுடிஐடி) தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அட்மிட் ஆகிப் பயிற்சி எடுக்க, வேலூர் சிஎம்சியின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம், சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், தென்காசி ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். மேரி வர்கீஸ் தாமே 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆபரேஷன் செய்த டாக்டர். ஆய்க்குடி சங்கத்தை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக் காயத்தால் கை கால் செயலிழந்தவர். உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த இரண்டு கதையையும் சொல்லலாம், ஆனால் அவர் கோபமாக இருக்கும்போது வேண்டாம்.

“கொன்னுடு” என்று சொன்னதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். அமைதியான நேரத்தில் நேராகவே கேளுங்கள்: “செத்துப் போயிரலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் மாத்திரைகளைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள், தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். நீங்களும் கூப்பிடலாம். “நானும் கத்தறேன், அப்புறம் பாத்ரூம்ல போய் அழறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும்தான் அந்த எண்.

இன்னொன்று. பகலெல்லாம் அவருக்கு எல்லாம் செய்யப்படுகிறது, அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் நீளக் கைப்பிடி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி கிடைக்கும், கனமில்லாத பிளாஸ்டிக்காகப் பாருங்கள். பிடி நழுவினால் வெல்க்ரோ பட்டையால் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டலாம். தோலைப் பார்க்கும் வேலையில் பாதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். காலையும் மாலையும் நீங்கள் காலைத் தூக்கிப் பிடியுங்கள், அவர் கண்ணாடியில் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் நோட்டில் எழுதுங்கள். முதலில் அந்த இடது காலிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.